கணக்குக் கேட்பது வேறு, குரல்வளையை நெரிப்பது வேறு

2024 ஜூன் 28 அன்று டாடா சமூக அறிவியல் நிறுவனம் (டிஸ்), மும்பை, துல்ஜாப்பூர், ஹைதராபாத், குவாஹாத்தி ஆகிய தனது நான்கு வளாகங்களிலும் பணிபுரிந்து வந்த 55 ஆசிரியர்களுக்கும் ஏறத்தாழ 60 ஆசிரியரல்லாத ஊழியர்களுக்கும் ஒரு கடிதம் அனுப்பியது. ஜூன் 30 உடன் உங்கள் பணி முடிவடைகிறது என்பதே அதன் சாரம். அவர்களில் பலர் பத்தாண்டுகளுக்கும் மேலாக அங்கே கற்பித்தவர்கள். அவர்களுக்குத் தரப்பட்ட அவகாசம் இரண்டு நாட்கள். டாடா கல்வி அறக்கட்டளையிலிருந்து வரவேண்டிய நிதி வரவில்லை என்பது நிர்வாகம் சொன்ன காரணம். ஆசிரியர்களும் மாணவர்களும் கொதித்தெழுந்தனர். நாடெங்கிலுமிருந்து கண்டனம் எழுந்தது. நிதியை விடுவிப்பதாக அறக்கட்டளை உறுதியளித்ததையடுத்து, ஜூன் 30 அன்று அந்தக் கடிதங்கள் திரும்பப் பெறப்பட்டன.

வேலை தப்பியது. ஆனால் இந்த இரண்டு நாள் நிகழ்வு எழுப்பிய கேள்வி தப்பிச் செல்ல விடக்கூடாத ஒன்று. 1936இல் தொடங்கப்பட்டு, 1964 முதல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக இயங்கிவரும் இந்த நிறுவனத்துக்கு யார் பொறுப்பு? பாதிக்கு மேற்பட்ட நிதி ஒன்றிய அரசிடமிருந்து வருகிறது என்ற அடிப்படையில், 2023ஆம் ஆண்டின் நிகர்நிலைப் பல்கலைக்கழக விதிமுறைகளின்படி, அதன் தலைமைப் பொறுப்புக்கு ஆளை நியமிக்கும் அதிகாரத்தை மோடி அரசு தன் கைக்கு எடுத்துக்கொண்டது. எனினும் நூற்றுக்கும் மேற்பட்டோரின் ஊதியத்துக்குப் பொறுப்பேற்க அந்த அரசு முன்வரவில்லை. பணப்பையை வைத்திருந்த அறக்கட்டளையோ எவருக்கும் விளக்கம் சொல்லக் கடமைப்பட்டதாக இல்லை. ஆக, அதிகாரம் ஓரிடத்தில், பணம் வேறிடத்தில். பொறுப்பு மட்டும் எங்குமில்லை. அரசை விமர்சிக்கும் ஆய்வு மாணவரை இரண்டாண்டு இடைநீக்கம் செய்ய மட்டும் அதே நிர்வாகத்துக்குத் தயக்கம் இருக்கவில்லை என்பதையும் நாடு 2024 ஏப்ரல் மாதத்தில் பார்த்தது.

இது ஒரு நிறுவனத்தின் கதையல்ல. நம் நாட்டில் கல்வி, ஆராய்ச்சித் துறைகளில் இயங்கும் தனியார் அமைப்புகள் பெரும்பாலும் மூன்று சட்ட உருவங்களில் ஒன்றை எடுத்துக்கொள்கின்றன: பொது அறக்கட்டளை, 1860ஆம் ஆண்டின் சங்கப் பதிவுச் சட்டப்படியான சங்கம், 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டத்தின் 8ஆவது பிரிவின் கீழான லாப நோக்கற்ற நிறுவனம். சட்டத்தின் பார்வையில் மூன்றுமே லாபத்தைப் பங்கிட்டுக்கொள்ளக் கூடாதவை. இந்த உறுதிமொழிக்கு ஈடாகச் சமூகம் அவற்றுக்குப் பலவற்றைத் தருகிறது. வருமான வரி விலக்கு, நன்கொடையாளருக்கு வரிச்சலுகை, பல மாநிலங்களில் சலுகை விலையில் நிலம், பெருநிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி ஆகியன அவற்றுள் சில. அரசு வசூலிக்காமல் விடும் வரி மக்களின் பணமே. அந்த வகையில் அரசிடமிருந்து நேரடியாக ஒரு ரூபாய்கூட மானியம் பெறாத நிறுவனமும் பொதுப்பணத்தில் நடக்கும் நிறுவனம்தான். ஆகவே அதனிடம் கணக்குக் கேட்கும் உரிமை மக்களுக்கு உண்டு.

இந்தக் கேள்வியின் பரிமாணம் சிறிதல்ல. 2021-22ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி நாட்டின் உயர்கல்வி நிறுவனங்களில் பயில்வோர் 4 கோடியே 33 லட்சம் பேர். கல்லூரிகளில் 65 சதவீதம் அரசு உதவி பெறாத தனியார் கல்லூரிகள். இவையனைத்தும் காகிதத்தில் லாப நோக்கற்றவையே. இத்தனை 'தொண்டு' நடக்கும் நாட்டில் ஒரு மருத்துவ இடத்துக்காகக் குடும்பங்கள் நிலத்தை விற்பது எதனால் என்பதை எந்தத் தாய் தந்தையரிடம் கேட்டாலும் சொல்வார்கள்.

லாபத்தைப் பங்கிடக் கூடாது என்ற சட்டத்தை மீறாமலே லாபத்தை வெளியே எடுக்கும் வழிகள் ஊரறிந்தவை. கல்லூரி நிற்கும் நிலமும் கட்டடமும் நிறுவனரின் குடும்பத்துக்குச் சொந்தமாக இருக்கும். அறக்கட்டளை அதற்கு ஆண்டுதோறும் வாடகை செலுத்தும். பேருந்து, விடுதி உணவு, கணினி, காவல் ஆகிய ஒப்பந்தங்கள் உறவினரின் கம்பெனிகளுக்குப் போகும். நிர்வாக அறங்காவலரும் அவர் பிள்ளைகளும் ஆலோசகர் என்ற பெயரில் ஊதியம் பெறுவார்கள். மிச்சமிருக்கும் உபரி அடுத்த கல்லூரியின் முதலீடாகும். அறங்காவலருக்கும் அவருடைய உறவினருக்கும் அறக்கட்டளையின் பணத்தால் முறையற்ற பயன் கிடைக்கக் கூடாது என்று வருமான வரிச் சட்டம் சொல்கிறது. ஆனால் அதைக் கண்டறிய வேண்டியவர் வருமான வரி அதிகாரி ஒருவரே. கட்டணம் செலுத்திய மாணவருக்கோ, அங்கே வேலை செய்யும் ஆசிரியருக்கோ அந்தக் கணக்கு காட்டப்படுவதில்லை.

நீதிமன்றங்களின் பாதையும் ஏற்ற இறக்கம் கொண்டது. 1993இல் உன்னிகிருஷ்ணன் வழக்கில் கல்வி வணிகமாகக் கூடாது என்று கூறிய உச்ச நீதிமன்றம், கட்டணத்தையும் சேர்க்கையையும் ஒழுங்குபடுத்த ஒரு திட்டம் வகுத்தது. உலகமயம் வேரூன்றிய பின், 2002இல், டி.எம்.ஏ. பாய் வழக்கில் பதினொரு நீதிபதிகள் அமர்வு அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. கல்வி நிறுவனம் நடத்துவதை ஒரு தொழிலாக அது அங்கீகரித்தது, 'நியாயமான உபரி' ஈட்டலாம் என்றது. கட்டாய நன்கொடையும் கொள்ளை லாபமும் கூடாது என்ற எச்சரிக்கை அதில் இருந்தபோதிலும், உபரிக்கும் கொள்ளைக்கும் இடையிலான கோட்டை யார் காவல் காப்பது என்பதற்கு விடை இல்லை. 2005இல் இனாம்தார் வழக்கின் தீர்ப்பு, உதவி பெறாத கல்லூரிகளில் மாநில அரசின் ஒதுக்கீட்டையும் அகற்றியபோது, நாடாளுமன்றம் 93ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தின் வழியே அதற்கு எதிர்வினையாற்றியது. அடுத்த ஆண்டே கேரளத்தின் இடது ஜனநாயக முன்னணி அரசு தனியார் தொழிற்கல்லூரிகளைச் சமூகக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவரச் சட்டமியற்றியது. அதன் முக்கியப் பிரிவுகள் உயர் நீதிமன்றத்தில் நிற்கவில்லை. 2022 அக்டோபரில் நியூ நோபிள் கல்விச் சங்கம் வழக்கில், கல்வி ஒன்றையே நோக்கமாகக் கொண்ட நிறுவனத்துக்கே அந்தப் பெயரிலான வரி விலக்கு என்று உச்ச நீதிமன்றம் கூறியது வரவேற்கத்தக்கது. என்றாலும் வரி விலக்கைப் பறிப்பதால் மாணவர் செலுத்திய பணம் திரும்பிவிடாது.

மறுபுறம், கட்டாய நன்கொடைக் கும்பலிலிருந்து தங்களை வேறுபடுத்திக் காட்டும் புதுவகைக் 'கொடையாளர் பல்கலைக்கழகங்கள்' வந்துள்ளன. தேசியக் கல்விக் கொள்கை 2020 இவற்றையே எதிர்காலத்தின் முன்மாதிரியாகப் போற்றுகிறது. ஹரியானாவின் அசோகா பல்கலைக்கழகத்தில் நடந்தவற்றைப் பார்ப்போம். 2021 மார்ச்சில், மோடி அரசைத் தொடர்ந்து விமர்சித்து எழுதிவந்த பிரதாப் பானு மேத்தா அங்கிருந்து விலகினார். தமது இருப்பு நிறுவனத்துக்கு அரசியல் சுமையாகக் கருதப்படுகிறது என்பது நிறுவனர்களுடனான சந்திப்புக்குப் பின் தமக்குத் தெளிவானதாக அவர் தமது கடிதத்தில் குறிப்பிட்டார். 2023இல், 2019 மக்களவைத் தேர்தல் முடிவுகளை ஆராய்ந்து சப்யசாச்சி தாஸ் எழுதிய ஆய்வுக்கட்டுரையிலிருந்து பல்கலைக்கழகம் பகிரங்கமாக விலகி நின்றது. அவர் ராஜினாமா செய்தார். நிர்வாகக் குழு ஆய்வில் தலையிடுவதை எதிர்த்து அவருடைய துறையின் ஆசிரியர்கள் கடிதம் எழுதினர். சில நாட்களில் உளவுத் துறையினர் வளாகத்துக்கு வந்து விசாரித்தனர். கொடையாளர்களின் தொழில்கள் அரசின் தயவை எதிர்பார்த்திருக்கும்போது, அவர்களுடைய பல்கலைக்கழகம் மட்டும் எவ்வாறு அரசிடமிருந்து சுதந்திரமாக நிற்கும்? தனிப்பட்ட கொடையாளரின் நல்லெண்ணம் எத்துணை மெய்யானதாயினும், அது கல்விச் சுதந்திரத்துக்கு உத்தரவாதம் ஆகாது.

தனியாரைப் பற்றி இவ்வளவு சொன்னோம். அரசு என்ன செய்கிறது? நாடாளுமன்றத்துக்குப் பொறுப்பான துறைகளின் வழியே செய்ய வேண்டிய பணிகளை, சங்கமாகவும் லாப நோக்கற்ற கம்பெனியாகவும் பதிவு செய்த அமைப்புகளிடம் தள்ளிவிடுகிறது. நீட், ஜேஇஇ, க்யூட், நெட் ஆகிய தேர்வுகளை நடத்தும் தேசியத் தேர்வு முகமை, நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தால் உருவானதன்று. 2017 நவம்பரில் அமைச்சரவை எடுத்த முடிவின்படி, 25 கோடி ரூபாய் தொடக்க மானியத்துடன், 1860ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் ஒரு சங்கமாக அது பதிவு செய்யப்பட்டது. ஓர் ஊர் நூலகச் சங்கமும் இளைஞர் மன்றமும் பதிவாகும் அதே சட்டம். இந்தச் சங்கத்தின் கையில்தான் 2024 மே 5 அன்று நீட் தேர்வு எழுதிய 23 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளின் எதிர்காலம் ஒப்படைக்கப்பட்டது.

விளைவு என்ன? ஜூன் 4 அன்று வெளிவந்த முடிவுகளில் 67 பேர் முழு மதிப்பெண் பெற்றனர். 1,563 பேருக்கு வழங்கப்பட்ட கருணை மதிப்பெண்கள் பின்னர் திரும்பப் பெறப்பட்டன. ஹசாரிபாக்கிலும் பாட்னாவிலும் வினாத்தாள் கசிந்ததை உச்ச நீதிமன்றமே ஏற்றுக்கொண்டது. பாதுகாப்பு அறையின் பின்கதவு திறக்கப்பட்டதையும், மின் ரிக்‌ஷாவில் வினாத்தாள்கள் கொண்டுசெல்லப்பட்டதையும் ஆகஸ்ட் 2ஆம் தேதிய விரிவான தீர்ப்பு பதிவு செய்துள்ளது. ஜூன் 18 அன்று லட்சக்கணக்கானோர் எழுதிய நெட் தேர்வு மறுநாளே ரத்தானது. முகமையின் தலைமை இயக்குநர் மாற்றப்பட்டார். அமைச்சர் பதவியில் நீடித்தார். இதே முகமை ஆறு ஆண்டுகளில் தேர்வுக் கட்டணமாக 3,512 கோடி ரூபாய்க்கு மேல் வசூலித்து, 3,064 கோடி ரூபாய்க்கு மேல் செலவிட்டதாக மாநிலங்களவையில் ஜூலை 31 அன்று அரசு தெரிவித்தது. அதாவது சுமார் 448 கோடி ரூபாய் மிச்சம். பொதுப்பிரிவு மாணவர் ஒருவர் 2024இல் நீட் எழுதக் கட்டிய கட்டணம் 1,700 ரூபாய். நிரந்தர ஊழியர்களைப் போதிய அளவில் நியமிக்காமல், வெளியாரிடம் வேலையை ஒப்படைத்து, பிள்ளைகளின் கட்டணத்தில் உபரி காணும் இந்த அமைப்பையும் லாப நோக்கற்றது என்றே சட்டம் அழைக்கிறது.

உயர்கல்வி நிதி முகமையும் இதே கதைதான். 2017இல் கனரா வங்கியுடன் இணைந்து 8ஆவது பிரிவின் கீழ் அமைக்கப்பட்ட இந்தக் கம்பெனி, மானியம் தரப்பட்ட இடத்தில் கடனைக் கொண்டுவந்து நிறுத்தியது. பல்கலைக்கழக மானியக் குழுவுக்கான ஒதுக்கீடு 2023-24இன் திருத்திய மதிப்பீட்டில் 6,409 கோடி ரூபாயாக இருந்து, 2024-25இல் 2,500 கோடியாக வெட்டப்பட்டது. ஆராய்ச்சித் துறையில், 2023இல் நிறைவேற்றப்பட்ட சட்டத்தின் வழியே அமைந்துள்ள அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்கு ஐந்தாண்டுகளில் 50,000 கோடி ரூபாய் என்று அரசு ஆரவாரமாக அறிவித்தது. அதில் சுமார் 36,000 கோடியைத் தனியாரும் கொடையாளரும் தர வேண்டும். நிர்வாகக் குழுவின் தலைவர் பிரதமர். தொழில், வர்த்தக நிறுவனங்களின் பிரதிநிதிகளுக்கும் அதில் இடம் உண்டு. எந்த நோய்க்கு ஆய்வு, எந்தப் பயிருக்கு ஆய்வு, எந்தச் சமூகக் கேள்விக்கு ஆய்வு என்பதைப் பணம் கொடுப்பவரும் பிரதமர் அலுவலகமும் சேர்ந்து முடிவு செய்யும் ஏற்பாடு இது. கல்விக்குத் தேசிய வருமானத்தில் 6 சதவீதம் என்று கோத்தாரி ஆணையம் 1966இல் பரிந்துரைத்தது இன்றுவரை எட்டப்படாத இலக்காகவே உள்ளது.

தன் வீட்டுக் கணக்கை இப்படி வைத்திருக்கும் அரசு, பிறரிடம் கணக்குக் கேட்கும் விதம் அலாதியானது. 2020ஆம் ஆண்டின் திருத்தத்தால் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் மேலும் இறுக்கப்பட்டது. ஓர் அமைப்பு பெற்ற நிதியை இன்னோர் அமைப்புக்குப் பகிர்ந்தளிக்கத் தடை, நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பு 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகக் குறைப்பு, டெல்லியிலுள்ள ஒரே வங்கிக் கிளையில் கணக்கு என்பன அதன் அம்சங்கள். 1973 முதல் இயங்கிவரும் கொள்கை ஆய்வு மையத்தின் அனுமதி 2023 பிப்ரவரியில் நிறுத்திவைக்கப்பட்டது. இடையில் அதன் வரி விலக்கு பறிக்கப்பட்டது. 2024 ஜனவரியில் அனுமதியே ரத்தானது. அதன் இணையதளத்தில் ஆய்வறிக்கைகளை வெளியிட்டதை நடப்புச் செய்தி நிகழ்ச்சிக்கு ஒப்பாக அரசு கருதியதாக மையம் தெரிவித்தது. ஆய்வு நிறுவனம் ஆய்வை வெளியிடுவதே குற்றமானால், அது எதற்காக இருக்கிறது?

வெளிப்படைத்தன்மைதான் நோக்கம் என்று வாதிடுவோர் இரண்டு செய்திகளை நினைவில் கொள்ள வேண்டும். 2022 ஜூலையில் உள்துறை அமைச்சகம், வெளிநாட்டு நிதி பெறும் அமைப்புகளின் ஆண்டறிக்கைகள் உள்ளிட்ட பல தகவல்களைப் பொதுப்பார்வையிலிருந்து அகற்றியது. கணக்குகள் மக்களுக்கு மறைக்கப்பட்டு, அதிகாரிக்கு மட்டும் உரியவையாயின. இரண்டாவது இதைவிடக் கேவலமானது. பாஜகவும் காங்கிரசும் வெளிநாட்டு நிறுவனத்தோடு தொடர்புடைய கம்பெனிகளிடமிருந்து நன்கொடை பெற்றுச் சட்டத்தை மீறியதாக 2014 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதிலிருந்து தப்ப, 2016, 2018 ஆகிய ஆண்டுகளின் நிதிச் சட்டங்கள் வழியே இந்தச் சட்டம் முன்தேதியிட்டு, 1976 வரை பின்னோக்கித் திருத்தப்பட்டது. ஆளும் கட்சிக்கு முன்தேதியிட்ட மன்னிப்பு, ஆய்வு மையத்துக்கு நாட்டு நடப்பைப் பேசியதற்குத் தண்டனை! இதன் பெயர் கணக்குக் கேட்பதன்று. குரல்வளையை நெரிப்பது.

இங்கே இடதுசாரிகளின் நிலை தெளிவாக இருக்க வேண்டும். வெளிநாட்டு நிதியும் பெருமுதலாளிகளின் அறக்கட்டளைகளும் மக்கள் இயக்கங்களின் இடத்தைப் பிடிப்பதையும், அரசு தன் கடமையிலிருந்து நழுவ அவை துணை போவதையும் நாம் நெடுங்காலமாக விமர்சித்து வருகிறோம். அந்த விமர்சனத்தில் மாற்றமில்லை. அதே வேளையில், நாம் உடன்படாத ஆய்வு நிறுவனத்தையும் உள்துறை அமைச்சகத்தின் ஆணையால் மூடுவதை நாம் ஏற்க முடியாது. இன்று அவர்களுக்கு வந்தது நாளை தொழிற்சங்கத்தின் நூலகத்துக்கும் வரும்.

பொறுப்புடைமை வந்தால் சுயாட்சி போய்விடும் என்று தனியார் நிர்வாகங்கள் அஞ்சுவதாகச் சொல்வது உண்டு. பணத்தின் கணக்கையும் ஆய்வின் முடிவையும் ஒன்றாகப் பிணைப்பதால் எழும் குழப்பம் இது. பணம் எங்கிருந்து வந்தது, எதற்குச் செலவானது, யாருக்கு ஒப்பந்தம் போனது, எவ்வளவு ஊதியம், இட ஒதுக்கீடு பின்பற்றப்படுகிறதா, அறங்காவலரை நியமித்தவர் யார் ஆகியவை மக்களுக்குத் தெரிந்தாக வேண்டும். வகுப்பில் என்ன பேசப்படுகிறது, ஆய்வு எந்த முடிவுக்கு வருகிறது என்பன ஆசிரியருக்கும் ஆய்வுலகத்துக்கும் உரியவை. அவற்றில் அமைச்சரும் தலையிடக் கூடாது, கொடையாளரும் தலையிடக் கூடாது. இன்று நடப்பது இதற்கு நேர் எதிரானது. கணக்கு மூடியிருக்கிறது, சிந்தனை கண்காணிக்கப்படுகிறது.

வேறு வழி உண்டு என்பதற்கு நம் நாட்டின் அனுபவமே சான்று. மஹலனோபிஸ் தொடங்கிய இந்தியப் புள்ளியியல் கழகம் ஒரு சங்கமாகவே பதிவானது. 1959இல் நாடாளுமன்றம் அதற்கென ஒரு சட்டம் இயற்றியது. அரசு நிதி தருவதற்கும், கணக்குகள் தணிக்கை செய்யப்படுவதற்கும் வழிவகுத்த அந்தச் சட்டம், சங்கம் என்ற அதன் தன்மையைப் பறிக்கவில்லை. மற்றோர் எடுத்துக்காட்டு, 1962இல் தோன்றிய கேரள சாஸ்திர சாகித்திய பரிஷத். வெளிநாட்டு நிதியை மறுத்து, புத்தக விற்பனையையும் உறுப்பினர்களின் உழைப்பையும் நம்பி நிற்கும் இயக்கம் அது. அதன் தலைமை மாநாட்டில் தேர்ந்தெடுக்கப்படுகிறது, உறுப்பினர்களுக்குக் கணக்குச் சொல்கிறது. 1990 பிப்ரவரியில் எர்ணாகுளம் நாட்டின் முதல் முழு எழுத்தறிவு மாவட்டமாக அறிவிக்கப்பட்டதற்குப் பின்னால் அந்த இயக்கத்தின் உழைப்பு இருந்தது.

சட்டத்தில் ஒரு கதவும் திறந்தே உள்ளது. அரசின் நிதியைக் கணிசமாகப் பெறும் அரசு சாரா அமைப்புகளும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்குள் வரும் என்று, கல்லூரிகள் நடத்தும் டிஏவி அறக்கட்டளை தொடர்ந்த வழக்கில் 2019 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தக் கதவையும் சாத்தத்தான் 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் வழியே தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவு திருத்தப்பட்டுள்ளது. தனிநபர் தகவல் என்று சொல்லிவிட்டால், பொதுநலன் கருதி வெளியிட வேண்டும் என்று அந்தப் பிரிவிலேயே இருந்த நிபந்தனை இனி இல்லை. ஒப்பந்தம் பெற்ற உறவினரின் பெயரும் 'தனிநபர் தகவல்' ஆகிவிடக் கூடும்.

எனவே நம் கோரிக்கைகள் இவை. தேசியத் தேர்வு முகமை கலைக்கப்பட வேண்டும். மாநிலங்களின் உரிமையை மதித்து, நுழைவுத் தேர்வு குறித்த முழு ஏற்பாடும் மறுபரிசீலனை செய்யப்பட வேண்டும். வரி விலக்கோ, சலுகை நிலமோ பெறும் ஒவ்வொரு கல்வி, ஆராய்ச்சி நிறுவனமும் தணிக்கை செய்த கணக்கையும், அறங்காவலரின் உறவினருடனான ஒப்பந்தங்களையும் ஆண்டுதோறும் பொதுவில் வெளியிடச் சட்டம் வேண்டும். அவை தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் வர வேண்டும். நிர்வாகக் குழுக்களில் ஆசிரியர், மாணவர், ஊழியர் ஆகியோரின் தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதிகள் இடம்பெற வேண்டும். திட்ட நிதி நின்றால் ஆசிரியரைத் தெருவில் விடும் ஒப்பந்த முறை ஒழிய வேண்டும். வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் கீழ் அனுமதியை நிறுத்தவும் ரத்து செய்யவும் உள்ள அதிகாரம், உள்துறை அமைச்சகத்திடமிருந்து ஒரு சுயேச்சையான அமைப்புக்கு மாற்றப்பட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, கல்விக்கும் ஆராய்ச்சிக்கும் பொதுநிதி பெருக வேண்டும். பொதுநிதி சுருங்கும் இடத்தில்தான் கொடையாளரின் நிபந்தனை நுழைகிறது.

பெரும்பான்மையை இழந்து கூட்டணிக் கட்சிகளின் தயவில் நிற்கும் அரசு இவற்றைத் தானாகச் செய்யப்போவதில்லை. டிஸ்ஸின் பணிநீக்கக் கடிதங்களைத் திரும்பப் பெறவைத்தது ஆசிரியர், மாணவர்களின் போராட்டமும் நாடு தழுவிய எதிர்ப்பும்தான். அந்த இரண்டு நாட்கள் தரும் பாடத்தை நம் மாணவர், ஆசிரியர் அமைப்புகள் ஒவ்வொரு வளாகத்துக்கும் கொண்டுசெல்ல வேண்டும். தகவல் உரிமை மனு ஒன்றில் தொடங்கி, கட்டணக் கணக்கை நோட்டீஸ் பலகையில் ஒட்டவைப்பது வரை செய்யக்கூடிய வேலை ஏராளம். கட்சித் தோழர்கள் பொறுப்பிலிருக்கும் படிப்பகம், அறக்கட்டளை, ஆய்வு மையம் எதுவானாலும், பிறரிடம் நாம் கேட்கும் அதே கணக்கு அங்கேயும் உறுப்பினர்கள் முன் ஆண்டுதோறும் வைக்கப்பட வேண்டும். மக்களிடம் கணக்குச் சொல்லும் பழக்கம் உள்ளவர்களுக்கே, மக்களின் சார்பில் கணக்குக் கேட்கும் வலிமையும் இருக்கும்.